லைசென்ஸ் கையில் இருக்கிறது, வேலை எங்கே? விமானி வேலைத் தளங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சி முடித்து முதல் வேலை தேடுகிறவர்களும், இருக்கும் கம்பெனியை விட்டு மாற நினைக்கிறவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை விளம்பரங்களைப் போடும் இணையதளம், அதாவது வேலைத் தளம், சந்தை நிலவரம் பார்க்கும் இடம். யாருக்கு ஆள் தேவை, எத்தனை மணி பறந்த அனுபவம் கேட்கிறார்கள், எந்த விமானத்துக்குக் கிராக்கி என்பதையெல்லாம் அது நன்றாகவே காட்டும். வேலை வாங்கித் தரும் என்று நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

எந்தத் தளத்தில் தேடுவது?

லிங்க்ட்இன், இண்டீட் மாதிரியான பொதுத் தளங்களில் ‘பைலட்’ என்று தட்டினால் ட்ரோன் இயக்குபவர், மென்பொருள் கம்பெனியின் ‘பைலட் புராஜெக்ட்’ மேலாளர் என்று என்னென்னவோ வந்து விழும். அங்கே விமானத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ‘ஏ320’, ‘ஏடிஆர் 72’, ‘கேரவன்’ என்று தேடினால் குப்பை குறையும்.

விமானத் துறைக்கென்றே உள்ள தளங்கள் தனி. ஏவியேஷன் ஜாப் சர்ச், ஜேஎஸ்ஃபர்ம், பைலட் கரியர் சென்டர் போன்றவை. இவற்றில் மணிக்கணக்கு, விமான வகை, லைசென்ஸ் ஆகியவற்றை வைத்து வடிகட்டிப் பார்க்கலாம். இவை போக, ஒப்பந்த விமானிகளை அனுப்பும் ஏஜென்சிகள் தங்கள் சொந்தத் தளத்திலேயே வேலைகளைப் போடும்.

அமெரிக்காவில் ஏர்லைன்ஆப்ஸ் என்று ஒன்று உண்டு. அதை வேலைத் தளம் என்பதைவிட விண்ணப்பக் கிடங்கு என்று சொல்லலாம். விவரங்களை ஒருமுறை நிரப்பினால் போதும், அதைப் பயன்படுத்தும் பல ஏர்லைன்களுக்கு அதிலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

எந்தத் தளத்தில் பார்த்தாலும், விளம்பரம் கண்ணில் பட்டதும் அந்தக் கம்பெனியின் சொந்த ‘கரியர்ஸ்’ பக்கத்துக்குப் போய் அதே வேலை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் விளம்பரம் பழையதாக இருக்கலாம், அல்லது யாரோ ரெஸ்யூமே சேகரித்துக்கொண்டிருக்கலாம்.

விளம்பரத்தில் கேட்கும் மணிநேரம் என்னிடம் இல்லை. இருந்தாலும் போட்டுப் பார்க்கலாமா?

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. எல்லா எண்ணும் ஒரே மாதிரி இறுக்கமானது அல்ல.

முதல் வகை சட்டம் போட்ட எண். அமெரிக்காவில் பயணிகள் ஏர்லைனில் துணை விமானியாக உட்காரவே ஏடிபி (ஏர்லைன் விமானிக்கான உயர்நிலைச் சான்று) வேண்டும். அதற்கு 1500 மணி. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்த பிறகு, 2010இல் சட்டம் வந்து 2013இல் விதி நடைமுறைக்கு வந்தது. (அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுக்குமே 1500க்கு மேல் மணி இருந்தது. அதனால் இந்த 1500 தேவைதானா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை.) விமானப் போக்குவரத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களுக்கு 1000, இரண்டாண்டுப் பட்டத்துக்கு 1250, ராணுவ விமானிகளுக்கு 750 என்று சலுகை உண்டு. அதற்கும் கீழே இருந்தால் எவ்வளவு அழகாகக் கடிதம் எழுதினாலும் பயனில்லை. ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே சுமார் 200 மணியில் சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்) முடித்தவர்கள்கூட, ஏடிபிஎல் (ஏடிபிக்கு ஐரோப்பியப் பெயர்) எழுத்துத் தேர்வுகளை முடித்துவிட்டு ஏர்லைனில் துணை விமானியாக ஏறுவது வழக்கம். ‘ஃப்ரோஸன் ஏடிபிஎல்’ என்று விளம்பரத்தில் பார்த்தால் அர்த்தம் இதுதான்.

இரண்டாவது, காப்பீட்டுக் கம்பெனி போட்ட எண். விமானத்தை வாடகைக்கு ஓட்டும் சின்னச் சார்ட்டர் கம்பெனி 1000 மணி, அதில் 100 மணி அதே விமானத்தில் என்று கேட்டால், பெரும்பாலும் பின்னால் இருப்பது இன்ஷூரன்ஸ்காரர். முதலாளிக்கு உங்களைப் பிடித்துவிட்டால் அவர் இன்ஷூரன்ஸ்காரரிடம் பேசிப் பார்ப்பார். நேரில் போனவர்களுக்கு இப்படிக் கதவு திறந்ததை நான் பார்த்திருக்கிறேன், இணையத்தில் பார்த்ததில்லை.

மூன்றாவது, கம்பெனியின் விருப்பம். ‘விரும்பத்தக்கது’ என்று போட்டிருந்தால் பத்துப் பதினைந்து சதவீதம் குறைந்தாலும் தைரியமாக அனுப்புங்கள். ‘குறைந்தபட்சம்’ என்று போட்டிருந்தால் பெரிய கம்பெனிகளில் மனிதக் கண் படுவதற்கு முன்பே மென்பொருள் தள்ளிவிடும்.

200–300 மணிதான் இருக்கிறது. எனக்கு ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் பெரும்பகுதி தளங்களில் ஏறுவதே இல்லை. பயிற்றுநர் ஆவது பலரும் போகும் வழி. அதைவிட்டால் ஸ்கைடைவர்களைத் தூக்கிக்கொண்டு போவது, விளம்பரப் பதாகை இழுப்பது, வான்வழிப் புகைப்படமும் நில அளவையும், எண்ணெய்க் குழாய்ப் பாதையைக் கண்காணிப்பது. இந்தக் கம்பெனிகள் சில விமானங்களை மட்டும் வைத்து நடத்துபவை. விளம்பரம் போட்டால் ஆயிரம் ரெஸ்யூமே வந்து குவியும், படிக்க ஆள் இல்லை. அதனால் வாசலில் வந்து நிற்பவனை எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கென்றே பேர் போன ஊர்கள் இருக்கின்றன. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டா ஓரத்தில் உள்ள மௌனில், குறைந்த மணி விமானிகள் ரெஸ்யூமேயோடு வந்து தங்கி, ஒவ்வொரு ஹாங்கராக ஏறி இறங்குவது பல வருடப் பழக்கம். ஆஸ்திரேலியாவின் வடக்கே குனுனுர்ரா, ப்ரூம், டார்வின் பக்கம் உலர்பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பே காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கனடாவின் வடபகுதியில் முதலில் ராம்ப்பில் (விமானங்கள் நிற்கும் தளம்) மூட்டை ஏற்றச் சொல்லிவிட்டு, பிறகுதான் காக்பிட்டில் உட்கார வைப்பார்கள். கேட்டால் கூச்சமாக இருக்கும், அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான்.

அப்படியென்றால் வேலைத் தளத்தால் இவர்களுக்கு என்ன பயன்? எந்தக் கம்பெனிகள் எந்த ஊரில் எந்த விமானத்தை ஓட்டுகின்றன என்ற பட்டியல் கிடைக்கும். ஆறு மாதப் பழைய விளம்பரத்தைக்கூட இதற்காகக் குறித்துவைக்கலாம். பட்டியலை எடுத்துக்கொண்டு போனைச் சுற்றுங்கள், முடிந்தால் பையைக் கட்டுங்கள். விசா, வேலை அனுமதியை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

தளத்தில் மணிக்கணக்கை எப்படி நிரப்புவது? ஒவ்வொன்றும் வேறு வேறு மாதிரி கேட்கிறதே?

எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது. அதிகம் பேர் அடிபடும் இடமும் இதுதான்.

முதலில் தசமம். சில தளங்கள் மணி:நிமிடம் கேட்கும், சில தசமத்தில் கேட்கும். 6 நிமிடம் என்றால் 0.1 மணி. 4 மணி 36 நிமிடம் என்பது 4.6. அதை 4.36 என்று போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு வரியில் தவறினால் பெரிதாகத் தெரியாது. லாக்புக் (பறந்த மணிகளைக் குறித்துவைக்கும் ஏடு) முழுக்க அப்படியே கூட்டியிருந்தால், நேர்காணலில் பக்கத்தைப் புரட்டும்போது கூட்டுத்தொகை இடிக்கும். விளக்கம் சொல்வதற்குள் வியர்த்துவிடும்.

அடுத்து சிமுலேட்டர். அது மொத்த மணியில் சேராது. தனிக் கட்டம் கொடுத்திருந்தால் அங்கே போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பிறகு பிஐசி, அதாவது ‘பைலட் இன் கமாண்ட்’, விமானத்துக்குத் தலைமை விமானியாக இருந்த நேரம். இதில்தான் வம்பு. அமெரிக்க விதிப்படி, கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தனியாகக் கையாண்ட நேரத்தையும் பிஐசி என்று எழுதிக்கொள்ளலாம். அந்தப் பறத்தலுக்கு முழுப் பொறுப்பேற்ற தலைமை விமானியாக இருந்த நேரமும் பிஐசிதான். பெரிய ஏர்லைன்கள் பல இரண்டாவதை மட்டுமே கணக்கில் எடுக்கும். ஐரோப்பிய லாக்புக்கில் கேப்டனின் மேற்பார்வையில் துணை விமானி செய்யும் ‘பிகஸ்’ என்று இன்னொன்று இருக்கிறது. தளம் பிஐசிக்கு என்ன அர்த்தம் கொடுத்திருக்கிறது என்பதைப் பொடி எழுத்திலாவது எழுதியிருப்பார்கள். படித்துவிட்டு நிரப்புங்கள்.

கடைசியாக, எண்ணை ஊதிப் பெருக்காதீர்கள். பேனாவால் பறந்த மணி என்று இந்தத் தொழிலில் கேலியாகவே சொல்வார்கள். விமானத்தின் டெக் லாக் (விமானத்தோடே இருக்கும் பதிவேடு), பயிற்சிப் பள்ளியின் பதிவு, லைசென்ஸ் தரும் கட்டுப்பாட்டு அமைப்பிடம் நீங்களே முன்பு கொடுத்த விண்ணப்பம் ஆகிய மூன்றும் உங்கள் லாக்புக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வேலையோடு லைசென்ஸும் போகும்.

விளம்பரத்தில் வரும் சொற்கள் பாதி புரியவில்லை.

அடிக்கடி வருபவை மட்டும். ‘டைப் ரேட்டட்’ என்றால் அந்த விமானத்துக்கான ரேட்டிங் (அந்த வகையை ஓட்டும் தனித் தகுதி) ஏற்கெனவே வைத்திருப்பவர் மட்டும். ‘நான்–டைப் ரேட்டட்’ என்றால் கம்பெனியே பயிற்சி தரும் (அந்த ‘நான்’ நம் ‘நான்’ இல்லை, அவசரத்தில் படித்துக் குழம்பாதீர்கள்). ‘கரன்ட்’ என்றால் சமீபத்தில் பறந்திருக்க வேண்டும். பயணிகளை ஏற்ற, கடைசி 90 நாளில் 3 டேக்ஆஃப், 3 லேண்டிங் என்பது சட்டம் கேட்கும் கீழ்மட்டம். ஆனால் ஏர்லைன் விளம்பரங்கள் அதைவிட அதிகமாக, கடைசி 6 அல்லது 12 மாதத்தில் இத்தனை மணி என்றே கேட்கும். ‘டைரக்ட் என்ட்ரி கேப்டன்’ என்றால் வெளியிலிருந்து நேராகக் கேப்டனாக எடுப்பது. உள்ளே வரிசையில் காத்திருக்கும் துணை விமானிகள் முறைத்துப் பார்ப்பார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

‘ஏசிஎம்ஐ’ என்று இருந்தால், அந்தக் கம்பெனி விமானம், ஊழியர், பராமரிப்பு, காப்பீடு நான்கையும் சேர்த்து வேறு ஏர்லைனுக்கு வாடகைக்கு விடுகிறது. இந்த மாதம் ஒரு நாடு, அடுத்த மாதம் இன்னொன்று. சீசன் முடிந்ததும் வேலையும் முடியலாம். ‘கமியூட்டிங் கான்ட்ராக்ட்’ என்றால் தொடர்ச்சியாக இத்தனை நாள் வேலை, இத்தனை நாள் வீடு. வீட்டுக்கு வந்துபோகும் டிக்கெட்டை யார் வாங்கித் தருகிறார்கள் என்று கேளுங்கள்.

சொந்தக் காசில் டைப் ரேட்டிங் செய்துவிட்டால் தளங்களில் என் பெயர் மேலே வருமா?

வடிகட்டியில் ஒரு கட்டத்தைத் தாண்டுவீர்கள், அவ்வளவுதான். விளம்பரத்தில் அந்த ரேட்டிங்கோடு ‘அந்த விமானத்தில் 500 மணி’ என்று சேர்த்துத்தான் கேட்பார்கள். ரேட்டிங் மட்டும் இருந்து மணி இல்லாதவரும், ரேட்டிங்கே இல்லாதவரும் அங்கே ஒன்றுதான். அதுமட்டுமல்ல, ஐரோப்பிய விதிப்படி டைப் ரேட்டிங் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். வேலை கிடைக்காவிட்டால் வருடாவருடம் சிமுலேட்டரில் செக் கொடுத்துப் புதுப்பிக்கச் செலவழிக்க வேண்டும்.

கையில் வேலைக் கடிதம் இல்லாமல் அந்தப் பணத்தைக் கொட்டாதீர்கள் என்பதே என் கருத்து. ‘ரேட்டிங்கோடு 500 மணி லைன் பயிற்சி’ (ஏர்லைனின் வழக்கமான பயணங்களிலேயே பயிற்சி) என்று பணம் வாங்கிக்கொண்டு விமானம் ஓட்டவிடும் திட்டங்களும் விளம்பரமாக வரும். வேலை செய்பவன் முதலாளிக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு அது. அந்த மணி முடிந்த மறுநாள் உங்கள் இருக்கையில் அடுத்த வாடிக்கையாளர் உட்காருவார்.

கம்பெனி பயிற்சி தந்து, அதற்கு ஈடாக இத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்று பாண்ட் கேட்பது வேறு விஷயம். பாண்ட் தொகை மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறதா, கம்பெனியே உங்களை நீக்கினால் யார் கட்டுவது என்ற இரண்டையும் எழுத்தில் பாருங்கள்.

வேறு நாட்டு வேலைகளுக்கு என் லைசென்ஸ் செல்லுமா?

லைசென்ஸ் என்பது விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அதோடு தொடர்புடையது. உங்கள் லைசென்ஸ் வேறு நாட்டினுடையது என்றால் ஒன்று வேலிடேஷன், இல்லாவிட்டால் கன்வர்ஷன். வேலிடேஷன் என்பது உங்கள் லைசென்ஸை அந்த நாடு குறிப்பிட்ட காலத்துக்கு அங்கீகரிப்பது. பெரும்பாலும் கம்பெனியே செய்து தரும். கன்வர்ஷன் என்றால் தேர்வு எழுதிப் புது லைசென்ஸே வாங்குவது. ஐரோப்பிய ஏடிபிஎல்லுக்கு 13 பாடங்கள்.

விளம்பரத்தில் ‘ஈஆசா (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு) லைசென்ஸ் அவசியம்’ என்று இருந்தால் பிரிட்டிஷ் லைசென்ஸ் போதாது. 2021 ஜனவரியிலிருந்து இரண்டும் தனித்தனி. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

லைசென்ஸ் ஒரு பக்கம், வேலை செய்யும் உரிமை இன்னொரு பக்கம். ‘அந்த நாட்டில் தடையின்றி வசித்து வேலை செய்யும் உரிமை வேண்டும்’ என்ற ஒரு வரி, 5000 மணி உள்ளவரையும் வாசலிலேயே நிறுத்திவிடும். விளம்பரத்தில் முதலில் தேட வேண்டிய வரி அதுதான்.

விளம்பரம் போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பணம் கேட்டால் போலி. விசா கட்டணம், ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம், சிமுலேட்டர் முன்பதிவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் எண் உடன்படிக்கையே சொல்கிறது. சில வேலைத் தளங்கள் மாதச் சந்தா வாங்குவது இதில் சேராது. அது விளம்பரங்களைப் பார்க்கக் கொடுக்கும் காசு, வேலைக்குக் கொடுக்கும் காசு அல்ல. கட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். இலவசமாகக் கிடைக்காத விளம்பரம் அதில் எத்தனை என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மற்ற அடையாளங்களும் உண்டு. பெரிய ஏர்லைனின் பெயரில் வரும் மின்னஞ்சல் இலவச முகவரியிலிருந்து வந்திருக்கும், அல்லது டொமைன் பெயரில் ஓர் எழுத்து இடம் மாறியிருக்கும். நேர்காணல் இல்லாமலே நியமனக் கடிதம் வரும். குறைந்த மணிக்குக் கேப்டன் சம்பளம் சொல்வார்கள். விமானம் ஓட்டும் வேலைக்கு சிமுலேட்டர் சோதனை பற்றி மூச்சே இருக்காது.

சந்தேகம் என்றால் அந்தக் கம்பெனிக்கு ஏஓசி, அதாவது விமானம் இயக்கும் அனுமதிச் சான்று, இருக்கிறதா என்று அந்த நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பின் தளத்தில் பாருங்கள். பல நாடுகள் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கின்றன. பாஸ்போர்ட், லைசென்ஸ் நகல்களை முதல் மின்னஞ்சலிலேயே அனுப்பாதீர்கள். அனுப்பும்போது யாருக்கு, எந்தத் தேதியில் என்று நகலின் குறுக்கே எழுதி அனுப்புங்கள்.

ஒரு செக்ரைடில் (தேர்வாளரோடு பறந்து காட்டும் தேர்வு) ஃபெயில் ஆனேன். விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா?

கேட்டிருந்தால் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் விமானிப் பதிவுகளுக்கென்றே அரசுத் தரவுதளம் இருக்கிறது. பணியில் சேர்ப்பதற்கு முன் ஏர்லைன் அதைப் பார்த்தே ஆக வேண்டும். மற்ற நாடுகளிலும் பயிற்சிக் கோப்பைக் கேட்டு வாங்குவார்கள். ஒரு தோல்வி யாரையும் கவிழ்ப்பதில்லை, அதை மறைத்தது கவிழ்க்கும். எந்தப் பகுதியில் தவறினீர்கள், பிறகு எப்படிச் சரிசெய்தீர்கள் என்று மூன்று வரியில் எழுதுங்கள். தேர்வாளரைக் குறை சொல்லி ஒரு வரிகூட வேண்டாம்.

ஐம்பது இடத்தில் போட்டேன், ஒரு பதிலும் இல்லை. என்ன தவறு?

ஐம்பது இடத்தில் போட்டதே தவறாக இருக்கலாம். அதில் எத்தனை இடத்தில் குறைந்தபட்சத் தகுதி உங்களுக்கு முழுதாக இருந்தது? பத்து என்றால் நாற்பது வீண்.

சரியான இடத்தில் போட்டும் பதில் இல்லை என்றால் காரணம் உங்கள் கையில் இல்லாததாகவும் இருக்கலாம். ஏஜென்சிகள் சில சமயம் ஒப்பந்தம் கையில் வருவதற்கு முன்பே, எங்களிடம் இத்தனை விமானிகள் தயார் என்று ஏர்லைனிடம் காட்டுவதற்காக விளம்பரம் போடும். பெரிய ஏர்லைன்கள் தேர்வானவர்களை ‘ஹோல்ட் பூல்’ என்ற குளத்தில் மாதக்கணக்கில் வைத்திருக்கும். கொரோனா வந்த 2020இல் அந்தக் குளத்தில் இருந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

நான் வேலை தேடிய காலத்தில் ஒரு கம்பெனிக்கு மூன்று முறை விண்ணப்பித்தும் சத்தமே இல்லை. பிறகுதான் கவனித்தேன், மெடிக்கல் (மருத்துவத் தகுதிச் சான்று) முடியும் தேதிக் கட்டத்தில் பழைய தேதியே கிடந்தது. காலாவதி என்று மென்பொருளே ஒதுக்கியிருக்கிறது. திருத்திப் போட்டபோது ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். மணி, மெடிக்கல், ஆங்கிலத் தகுதி நிலை, பாஸ்போர்ட் இந்த நான்கையும் ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளிலும் எல்லாத் தளங்களிலும் புதுப்பித்துவிடுங்கள். ஆங்கிலத்தில் 4ஆம் நிலைதான் என்றால் மூன்று அல்லது (ஐரோப்பாவில்) நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு உண்டு, அந்தத் தேதியும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும்.

ரெஸ்யூமே எத்தனை பக்கம்?

ஒன்று. மேலே லைசென்ஸ், ரேட்டிங், மெடிக்கல். அதன் கீழே மணிக்கணக்கு அட்டவணை. படம் வரைந்து வண்ணம் தீட்டியதெல்லாம் மென்பொருளுக்குப் படிக்க வராது. எந்தத் தேதி நிலவரப்படியான மணி என்பதை எழுத மறக்காதீர்கள்.

விளம்பரத்தில் சொல்லும் சம்பளத்தை நம்பலாமா?

எண்ணை விட்டுவிட்டு, அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். ‘மாதம் இவ்வளவு வரை சம்பாதிக்கலாம்’ என்று இருந்தால், மணிக்கு இவ்வளவு என்பதை 100 மணியால் பெருக்கியிருக்கக்கூடும். மாதம் 100 மணி என்றால் வருடத்துக்கு 1200. அமெரிக்க ஏர்லைன் விதி 365 நாளில் 1000 மணிக்கு மேல் பறக்க விடாது. ஐரோப்பாவில் ஒரு காலண்டர் ஆண்டுக்கு 900. ஆக அந்தச் சம்பளத்தை வருடம் முழுக்க எடுக்கச் சட்டமே இடம் தராது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் எத்தனை மணிக்குச் சம்பளம் உறுதி என்று கேளுங்கள். அந்த எண்தான் உண்மைச் சம்பளம்.

ஏஜென்சி வழி ஒப்பந்தம் என்றால் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உங்கள் தலையில் விழலாம். மெடிக்கல் போய்விட்டால் ஈடு தரும் காப்பீடு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இளம் வயதில் யாரும் கேட்பதில்லை.

வேலை கிடைத்துவிட்டது. தளங்களில் உள்ள என் விவரங்களை அழித்துவிடலாமா?

ஏற்றிவைத்த பாஸ்போர்ட், லைசென்ஸ், மெடிக்கல் நகல்களை உடனே அழியுங்கள். விவரப் பக்கத்தை மட்டும் மறைத்து வையுங்கள், அழிக்க வேண்டாம். பழைய மணிக்கணக்கை மறுபடி உட்கார்ந்து நிரப்புவது ஒரு வார வேலை. ‘உடனே சேரத் தயார்’ என்ற பொத்தானை அணைக்க மறக்காதீர்கள். புதுக் கம்பெனியின் ஆளெடுப்புப் பிரிவும் அதே தளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.